ஜாக்கி இருந்தது, பலகை இல்லை

மூன்று பேர் ஒரே வண்டியில் போயிருந்தோம். ஆற்றுப்படுகை. மேலே காய்ந்து வெள்ளையாகத் தெரியும் மணல், ஒரு சாண் தோண்டினால் ஈரம். மாலை ஐந்து மணி இருக்கும். பின்பக்க இடது டயர், மணலுக்குள் புதைந்திருந்த ஒரு வேர்க்கட்டையில் உரசிப் பக்கச்சுவர் கிழிந்துவிட்டது. பக்கச்சுவர் போனால் பஞ்சர் ஒட்டுகிற பேச்சே இல்லை, ஸ்டெப்னியைத்தான் மாட்ட வேண்டும். சரி, ஜாக்கி இருக்கிறது, வீல் ஸ்பேனர் இருக்கிறது, ஸ்டெப்னியில் காற்றும் இருக்கிறது, அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் இறங்கினோம். ஜாக்கியை வைத்துச் சுற்றினேன். சுற்றச் சுற்ற வண்டி மேலே வரவில்லை, ஜாக்கி கீழே போனது. எடுத்து இடம் மாற்றி வைத்தேன், அங்கேயும் அதே கதை. மூன்றாவது முறை, பாதி வண்டி தூக்கிய நிலையில் ஜாக்கி சாய்ந்து வழுக்கியது. நல்ல வேளை, யாருடைய கையும் உள்ளே இல்லை.

ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை இருந்திருந்தால் அது நடந்திருக்காது. ஆற்றுப்படுகையில் ஒரு தட்டையான கல் கூடக் கிடைக்கவில்லை. கடைசியில், அச்சுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, சக்கரத்துக்கு அடியில் மணலைத் தோண்டி எடுத்தோம். வண்டியைத் தூக்க முடியவில்லை என்றால் தரையைத் தாழ்த்துவது, அவ்வளவுதான். கிழிந்த டயர் சுலபமாக வந்துவிட்டது. ஆனால் காற்று நிறைந்த ஸ்டெப்னி, சப்பிப்போன டயரைவிட உயரமாக இருக்கும் அல்லவா, அதனால் அதை உள்ளே நுழைக்க இன்னும் ஒரு சாண் தோண்ட வேண்டியிருந்தது. மண்வெட்டியும் இல்லை. சாப்பாட்டுத் தட்டாலும் கையாலும் தோண்டினோம். ஈர மணல் எடுக்க எடுக்கச் சரிந்து வந்துகொண்டே இருந்தது. முடிக்கும்போது இரவு எட்டரை.

அன்றைக்குப் பிறகு வண்டியில் எந்தப் பொருளை வைத்தாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இது வேலை செய்ய வேண்டும் என்றால் கூடவே வேறு என்ன இருக்க வேண்டும்? ஜாக்கிக்குப் பலகை. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசருக்கு காற்றழுத்த மானி. இழுவைக் கயிற்றுக்கு, அதைத் தாங்குகிற உறுதியான கொக்கி. சாலை இல்லாத இடத்துக்குப் போகும் வண்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பொருளின் பெயர் இருக்கும், அதன் துணை இருக்காது. பட்டியலைப் பார்த்து வாங்கி நிரப்பிக்கொண்டு காட்டுக்குள் போனால், பாதிப் பொருள் வெறும் சுமைதான். அதனால் நான் துணையோடு சேர்த்தே சொல்லப் போகிறேன்.

ஜாக்கியிலிருந்தே தொடங்கலாம். வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி, கெட்டியான சமதரைக்காகச் செய்தது. அதை நான் தூக்கிப் போடவில்லை, ஆனால் கூடவே ஒரு ஹைட்ராலிக் பாட்டில் ஜாக்கியும் வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பலகை, ஒரு அடிக்கு ஒரு அடி, ஒன்றரை அங்குல கனம். ஒற்றை மரத்தைவிட பிளைவுட் துண்டுகளை ஒட்டித் திருகிய பலகை நல்லது, நார் வழியே பிளக்காது. பாட்டில் ஜாக்கி போதிய உயரம் எட்டாத வண்டிகளில் அதே பலகை உயரத்துக்கும் உதவும். அப்புறம் சக்கரத்துக்கு முட்டு, இரண்டு. தூக்கப்போகும் சக்கரத்துக்கு எதிர்மூலையில் இருக்கும் சக்கரத்தின் முன்னும் பின்னும் வைக்க வேண்டும். கழற்றிய டயரை ஓரமாகப் போடாமல் சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி டயர்மேல் உட்காரும், ஆள்மேல் உட்காராது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் உடம்பை நுழைக்கவே கூடாது.

உயரமான ஹை-லிஃப்ட் ஜாக்கி பார்க்கக் கம்பீரமாக இருக்கும், பலர் அதற்காகவே வாங்கிப் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்கு வண்டியில் இரும்பு பம்பரோ, பக்கவாட்டில் உறுதியான தூக்குமிடமோ வேண்டும். பிளாஸ்டிக் பம்பர் வைத்த வண்டியில் அதை எங்கே மாட்டுவது? அதன் கைப்பிடி சுமையோடு திடீரென மேலே எகிறும், தாடையை உடைக்கும் வேகம். வைத்திருப்பவர்கள் முகத்தைக் கைப்பிடியின் பாதையிலிருந்து விலக்கி வைத்து, அதை முழுக்க விடாமல் பிடித்தபடியே இறக்கப் பழக வேண்டும். நான் அதை எடுத்துப்போவதில்லை.

இன்னொரு சின்னப் பொருள், இதை மறந்து நடுவழியில் நின்றவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். சில வண்டிகளில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டு திருடர்கள் கழற்ற முடியாத வகையில் தனி வடிவத்தில் இருக்கும். அதற்கென ஒரு சாவி உண்டு. விரல் நீளம்தான். அது வீட்டு அலமாரியில் இருந்தால் எத்தனை ஸ்டெப்னி வைத்திருந்தும் பயனில்லை. இப்போதே போய்ப் பாருங்கள், எங்கே இருக்கிறது என்று. அதோடு, பட்டறையில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கிய நட்டு வண்டியோடு வந்த குட்டி ஸ்பேனருக்கு அசையாது. இரண்டடி நீளக் கைப்பிடியும் சரியான அளவு சாக்கெட்டும் தேவை.

அடுத்தது காற்று. சறுக்கிச் சிக்குவதில் பாதி, டயரில் சாலைக்கு வைத்த அதே காற்றோடு மணலில் இறங்குவதால் வருவது. தார்ச் சாலையில் 32 முதல் 36 பிஎஸ்ஐ வைத்து ஓட்டும் வண்டி என்றால், மணலில் 15 முதல் 18 வரை இறக்கலாம். காற்று குறைந்ததும் டயரின் தடம் நீளவாக்கில் வளர்கிறது. அகலம் கொஞ்சம்தான் கூடும், நீளம்தான் நன்றாகக் கூடும். அந்த நீளம் வண்டியின் எடையைப் பரப்பித் தாங்குகிறது, மணலை வெட்டிக்கொண்டு இறங்காமல் மேலே மிதந்து போகிறது. கல் பாதையிலும் கொஞ்சம் இறக்கினால் டயர் கல்லைக் கவ்விப் போகும், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் முதுகும் பிழைக்கும். ஆனால் குறைந்த காற்றில் வேகமும் கூடாது, சட்டென்று ஸ்டீயரிங்கை ஒடிப்பதும் கூடாது; டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். 12க்குக் கீழே போனால் அந்த ஆபத்து நன்றாகவே கூடுகிறது.

இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றியாக வேண்டும். குறைந்த காற்றோடு தார்ச் சாலையில் வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி டயரே வெடிக்கலாம். அதற்குத்தான் கம்ப்ரசர். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னக் கம்ப்ரசர்களை வாங்கியவர்கள் பலர் ஏமாந்திருக்கிறார்கள். அந்தத் துளைக்கு வழக்கமாக 10 அல்லது 15 ஆம்பியர் ஃப்யூஸ்தான், அதாவது 12 வோல்ட்டில் 120 முதல் 180 வாட். நான்கு பெரிய டயரையும் நியாயமான நேரத்தில் நிரப்பும் கம்ப்ரசர் 20, 30 ஆம்பியர் இழுக்கும். அதை நேராக பேட்டரியில்தான் கவ்விப் பூட்ட வேண்டும், எஞ்சினை ஓடவிட்டு. வாங்கிய அன்றே காற்றுக்குழாயை நீட்டி பேட்டரியிலிருந்து மிகத் தூரமாக இருக்கும் பின் சக்கரத்துக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். எனக்கு ஒன்றரை அடி குறைந்தது, நீட்டிப்புக் குழாய் வாங்கினேன். தொடர்ந்து ஓட்டினால் சூடாகும், இரண்டு டயருக்கு ஒருமுறை ஓய்வு கொடுக்க வேண்டும். மானி ஒன்று தனியாக வேண்டும், கம்ப்ரசரில் ஒட்டியிருப்பது காற்று ஏறும்போது சரியாகக் காட்டாது. வால்வுக்குள் இருக்கும் ஊசி நான்கைந்து, அதைக் கழற்றும் திருகி ஒன்று, தீப்பெட்டிக்குள் அடங்கும் சாமான். மண்ணில் அந்த ஊசி விழுந்தால் கண்டுபிடிக்க முடியாது என்பதால் சொல்கிறேன்.

பஞ்சர் சாமான் பற்றிச் சுருக்கமாக. கோந்து பூசிய திரி வகை நல்லது, டயரைக் கழற்றாமலே போடலாம். தரையைத் தொடும் பகுதிக்கு மட்டும்தான், பக்கச்சுவருக்கு இல்லை. ஆணியை எடுக்கும் முன் அது எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள், அதே சாய்வில் துளையரத்தை விட வேண்டும். கைப்பிடி டி வடிவத்தில், இரும்பில் இருப்பதை வாங்குங்கள். பெரிய டயர்களின் ரப்பர் கனத்துக்கு பிளாஸ்டிக் கைப்பிடி முறிந்துவிடும். அந்த வேலையை முழுபலத்தோடு செய்ய வேண்டும், கையுறை இல்லாமல் செய்தால் உள்ளங்கை கொப்பளிக்கும்.

சிக்கிக்கொண்டால் முதலில் செய்ய வேண்டியது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. சக்கரம் நின்ற இடத்தில் சுழன்றால் ஒவ்வொரு சுற்றும் வண்டியை இன்னும் கீழே புதைக்கிறது. மூன்று நொடி வீண் சுழற்சி, முக்கால் மணி நேரத் தோண்டலாகிவிடும். இறங்கி, குனிந்து, அடியில் எது தரையில் தட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அச்சின் நடுவே புடைத்திருக்கும் பற்சக்கரப் பெட்டி, அதாவது டிஃபரன்ஷியல், மணல்மேல் உட்கார்ந்திருந்தால் சக்கரத்தை மட்டும் தோண்டிப் பயனில்லை. அதற்குத்தான் மண்வெட்டி நீளமாக இருக்க வேண்டும் என்கிறேன். மடக்கு மண்வெட்டி பைக்குள் அடங்கும், ஆனால் வண்டியின் நடுவயிற்றுக்கு அடியில் இருக்கும் மணலை இழுக்க அதனால் முடியாது. எனக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது: மடக்கு மண்வெட்டியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

தோண்டியபின் பிடிப்புப் பலகைகள். பல் வைத்த பிளாஸ்டிக் பலகைகளைச் சொல்கிறேன், ஜோடியாக வரும். சக்கரத்துக்கு முன்னால் சும்மா தூக்கிப் போட்டால் போதாது. டயருக்கு அடியில் சரிவாகப் பள்ளம் எடுத்து, பலகையின் நுனி டயரின் கீழ் நன்றாகச் செருகும்படி வைக்க வேண்டும். பிறகு மிக மெதுவாக ஏற வேண்டும், சுழன்றால் உராய்வுச் சூட்டில் பல் உருகி மழுங்கிவிடும். பலகைக்குத் துணை என்ன தெரியுமா? பளிச்சென்ற நிறத்தில் இரண்டு கஜம் நாடா. பலகையின் ஒரு முனையில் கட்டிவிட வேண்டும். வண்டி ஏறிப்போனதும் பலகை மணலுக்குள் முழுக்கப் புதைந்துவிடும், நாடாதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இனி கயிறு. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், இந்த விளையாட்டில் ஆளைக் கொல்லும் சாமான் இதுதான்.

இழுக்கும் கயிறுகளில் இரண்டு குணம் உண்டு. ஒன்று நீளாதது, பெரும்பாலும் பாலியஸ்டரில் செய்தது. ஓடாத வண்டியை மெதுவாக, இறுக்கம் விடாமல் இழுத்துப்போக. இன்னொன்று நைலானில் செய்தது, சுமை வந்தால் நீளும். பட்டையாக வருவது ஐந்தில் ஒரு பங்கு வரை நீளும், முறுக்கிப் பின்னிய உருண்டைக் கயிறு சுமார் 30 சதவீதம் வரை கூட நீளும். முன்னால் நிற்கும் வண்டி கொஞ்சம் தளர்வு விட்டு மெதுவாகக் கிளம்ப, கயிறு நீண்டு ரப்பர் போல விசையைச் சேர்த்துவைத்து, சிக்கிய வண்டியைப் பிடுங்கி எடுக்கிறது. நீளாத கயிற்றை இந்த வேலைக்குப் பயன்படுத்தினால் அந்த உதறல் முழுக்கக் கொக்கியிலும் சேஸிஸிலும் இறங்கும், ஏதோ ஒன்று பிய்ந்துகொண்டு வரும். இரண்டு கயிறும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். அதனால் உறையின் மேல் எது எது என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

கயிற்றின் வலிமை, முழுச்சுமையோடு உங்கள் வண்டி இருக்கும் எடையைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு. அதற்கு மேலே போனால் இன்னும் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம், தேவைக்கு மிஞ்சித் தடித்த கயிறு நீளவே நீளாது. நனைந்த நைலானின் வலிமை குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது, எங்கே மாட்டுவது? டிரெய்லர் இழுக்கும் உருண்டைக் குமிழில் மாட்டவே மாட்டாதீர்கள். அது நிதான இழுவைக்காகச் செய்த இரும்பு, உதறலுக்கு இல்லை. அது முறிந்து, நீண்ட கயிற்றின் முழு விசையோடு பறந்து, கண்ணாடியைத் துளைத்து உள்ளே இருந்தவரைக் கொன்ற விபத்துகள் நடந்திருக்கின்றன. அடியில் சின்ன வளையமாக இருக்குமே, லாரியில் ஏற்றும்போது வண்டியைக் கட்டிவைக்க, அதுவும் கூடாது. சேஸிஸோடு போல்ட்டு போட்ட, இழுவைக்கென்றே அளவு குறித்த கொக்கி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வேண்டும். அது இல்லாத வண்டிக்கு எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய கயிறும் ஆபத்துதான். கயிறு வாங்கும் முன் கொக்கிக்குச் செலவு செய்யுங்கள் என்று நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன்.

கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் வளையம்தான் ஷேக்கிள். இரும்பு ஷேக்கிள் என்றால் அதன் உடம்பில் தாங்கும் சுமை பொறித்திருக்க வேண்டும், 3.25 டன், 4.75 டன் என்று. எழுத்தே இல்லாத ஷேக்கிளை வாங்கக் கூடாது. அதன் வாயைப் பூட்டும் முள்ளை விரலால் முழுக்கத் திருகிவிட்டு, கால் சுற்று பின்னால் எடுங்கள், இல்லாவிட்டால் இழுத்தபின் கழற்ற வராது. இப்போது மென்மையான ஷேக்கிள்களும் வந்துவிட்டன, மிக வலுவான செயற்கை நாரில் பின்னிய வளையங்கள். எடையே இல்லை என்பதால் பறந்தாலும் சேதம் குறைவு. கூரான இரும்பு விளிம்பில் மட்டும் படக்கூடாது, அறுத்துவிடும். இரண்டு கயிறுகளை இணைக்க நடுவில் இரும்பு ஷேக்கிள் போடுவதும் கூடாது, ஒரு கயிறு அறுந்தால் அது குண்டாகிவிடும். இரண்டு கயிற்றின் நுனி வளையங்களையும் ஒன்றுக்குள் ஒன்று கோர்த்து, நடுவில் ஒரு பத்திரிகையைச் சுருட்டிச் செருகினால் முடிச்சு இறுகாமல் பிரியும்.

கயிற்றின் நடுவில் கனமான விரிப்பு ஒன்றைப் போட வேண்டும், ஈரச் சாக்கு கூடப் போதும், அறுந்தால் துள்ளலை அமுக்கும். வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்று நீளத்தின் ஒன்றரை மடங்கு தூரத்தில், பக்கவாட்டில். 9 மீட்டர் கயிறு என்றால் 14 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது. வீடியோ எடுப்பவர்தான் எப்போதும் கிட்டத்தில் வந்து நிற்பார், அவரிடம் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, துரத்துங்கள்.

பயணம் முடிந்து வந்ததும் கயிற்றைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு அலசுவேன். முதல் தண்ணீர் குழம்பு மாதிரி வரும், மூன்றாவது தண்ணீர்தான் தெளியும். நாருக்குள் தங்கும் மணல், ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளே இருந்தே நாரை அரைக்கிறது. நிழலில் உலர்த்தி, கை விரல்களுக்கு நடுவே முழு நீளத்தையும் ஒருமுறை ஓடவிடுவேன். எங்காவது சொரசொரப்பாகவோ, கெட்டித்துப்போயோ, நூல் பிரிந்தோ தட்டுப்பட்டால் அந்தக் கயிறு அதோடு சரி, இழுவை வேலைக்கு இல்லை.

வின்ச், அதாவது வண்டியில் பூட்டிய உருளையில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் இயந்திரம், அதைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் எப்போதும் இரண்டு வண்டியாகப் போகிறவர்களுக்கு அது அவசரத் தேவை இல்லை. தனியாகப் போகிறவர்களுக்கு அவசியம். வண்டியின் முழு எடையில் ஒன்றரை மடங்கு இழுக்கும் திறன் வேண்டும். அந்தத் திறன் உருளையின் முதல் சுற்றடுக்கில்தான் முழுதாகக் கிடைக்கும், அடுக்கு ஏற ஏறக் குறையும். துணைகள்: மரத்தின் பட்டை உரியாமல் சுற்ற அகலமான பட்டை, இழுவிசையை இரட்டிப்பாக்கும் கப்பி, தோல் கையுறை. மரத்தில் இரும்புக் கயிற்றை நேராகச் சுற்றினால் பட்டை அறுந்து, அந்த மரம் மெல்லச் சாகும். நம்மைக் காப்பாற்றிய மரத்துக்கு அதைச் செய்யக் கூடாது.

தீயணைப்பான் பலருடைய வண்டியிலும் இருக்கிறது, டிக்கியின் அடியில், பைகளுக்குக் கீழே. 1 கிலோ பவுடர் தீயணைப்பான் பத்து நொடிக்குள் தீர்ந்துவிடும். அந்தப் பத்து நொடி தீ சின்னதாக இருக்கும்போது மட்டும்தான் பயன்படும். அதனால் அதன் துணை, ஓட்டுநர் இருக்கையிலிருந்து கை எட்டும் இடத்தில் ஒரு இரும்புப் பிடிப்பான். புதர் வழியே ஓட்டும்போது காய்ந்த புல் அடியில் சேர்ந்து, சைலன்சர் குழாய்க்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் மேலே அடைத்துக்கொள்ளும். டீசல் வண்டிகளில் புகைக்கரியை எரிக்கும் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது உள்ளே 500 டிகிரியைத் தாண்டும். எத்தனையோ வண்டிகள் இப்படித்தான் முழுக்க எரிந்திருக்கின்றன. புல்வெளியில் ஓட்டினால் மணிக்கொரு முறை குனிந்து பார்த்து, கட்டுக்கம்பியை வளைத்து அந்தப் புல்லை இழுத்துப் போடுங்கள். பானெட்டுக்குள் தீ என்றால் முழுக்கத் திறக்க வேண்டாம், காற்று புகுந்து குப்பென்று எழும். விரல் அளவு திறந்து அந்த இடுக்கு வழியே அடிக்க வேண்டும்.

முதலுதவிப் பெட்டியில் சின்னச் சின்ன ஒட்டுத்துணிகள்தான் நிறைய இருக்கும். அவை இல்லாமலும் ஆள் பிழைப்பார். உதவி வர மணிக்கணக்கில் ஆகும் இடத்தில் உயிரைப் பறிப்பது இரத்தப்போக்கு. கனமான காஸ் துணி, அழுத்தி வைக்க. அகலமான எலாஸ்டிக் கட்டு மூன்று நான்கு. கை காலில் பீறிடும் இரத்தத்தை அழுத்தியும் நிறுத்த முடியாவிட்டால் இறுக்கிக் கட்டும் டூர்னிக்கே. அதன் துணை ஒரு பேனா, கட்டிய நேரத்தை அதன்மேலேயே எழுத வேண்டும், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் பாம்புக்கடிக்கு அதைப் போடவே கூடாது. பாம்பு கடித்தால் கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் கட்டைவைத்துக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிப் போக வேண்டும். சூடான எஞ்சினிலோ ரேடியேட்டர் நீராவியிலோ சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் குளிர்ந்த ஓடும் தண்ணீர், வேறு எதையும் பூச வேண்டாம். ஒருநாள் முதலுதவிப் பயிற்சிக்கு நானும் என் வண்டியில் வழக்கமாக வருகிற இருவரும் போய்வந்தோம். பெட்டியில் இருந்த பாதிப் பொருளின் பயன் எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

தண்ணீர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கு. திட்டமிட்ட நாட்களுக்கு மேல் இரண்டு நாள் கூடுதலாக. ஒரே கேனில் வைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று ஓட்டையானால் எல்லாம் போகக் கூடாது.

செல்போன் சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியோ, ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் அவசர பீக்கனோ வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸில் பேசும் பீக்கன்களை கோஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு அமைப்பு கேட்டுக்கொண்டிருக்கிறது. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் நான்கும் பனிப்போர்க் காலத்திலேயே சேர்ந்து தொடங்கியது. 1982ல் கனடாவில் விழுந்த சிறு விமானத்தில் இருந்தவர்கள்தான் அதனால் மீட்கப்பட்ட முதல் ஆட்கள். பீக்கனின் துணை, அதை உங்கள் பெயரில் பதிவு செய்வது. பதிவு இருந்தால் யாருடைய வண்டி, எத்தனை பேர் என்று மீட்பவர்கள் வீட்டைக் கூப்பிட்டுக் கேட்க முடியும். சில நாடுகளில் செயற்கைக்கோள் கருவிகளுக்கு அனுமதி தேவை, எடுத்துப்போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் முன்னால், ஒரு தாள். எந்தப் பாதை, எத்தனை பேர், வண்டி எண், எத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்க வேண்டாம். மேலிருந்து தேடுகிறவர்களுக்கு மனிதன் ஒரு புள்ளி, வண்டி நன்றாகத் தெரியும். நிழலும் தண்ணீரும் அங்கேதான் இருக்கின்றன. ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு விசில். மூன்று முறை ஊதுவது உதவி கேட்கும் அடையாளம்.

பேட்டரிக்கு இப்போது கையடக்கமான லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர்கள் வந்துவிட்டன. நல்ல பொருள். மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் பார்க்காவிட்டால் அதுவும் செத்துக் கிடக்கும். தடித்த ஜம்ப்பர் கேபிளும் வைத்திருங்கள். மாட்டும் வரிசை: சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவ், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவ், கருப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவ், கடைசி முனை செத்த வண்டியின் எஞ்சின் இரும்பில், பேட்டரியைவிட்டுத் தள்ளி. கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும், பேட்டரி விடும் வாயு அதில் பற்றிக்கொள்ளக் கூடாது.

கருவிப் பையில் என்ன வைப்பது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரே யோசனைதான் சொல்கிறேன். ஆறு மாதம், வீட்டில் வண்டிக்குச் செய்யும் சின்ன வேலை எல்லாவற்றையும், விளக்கு மாற்றுவது, பேட்டரி கழற்றுவது, வடிகட்டி மாற்றுவது, எதுவானாலும் வண்டியில் இருக்கும் பையை மட்டும் வைத்துச் செய்யுங்கள். எப்போதெல்லாம் வேறு பெட்டியைத் தேடிப் போகிறீர்களோ, அந்தக் கருவி பைக்குள் வர வேண்டியது. ஆறு மாதத்தில் தொடாதது வெளியே போகலாம். இப்படித்தான் என் பையில் நட்சத்திர வடிவ சாக்கெட் இரண்டு வந்து சேர்ந்தன. என் வண்டியின் பாதி போல்ட்டுகள் அந்த வகை என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

உதிரிகளில் ஃபேன் பெல்ட், மேல் ரேடியேட்டர் குழாய், கிளிப்புகள், ஃப்யூஸ், எஞ்சின் ஆயில், கூலன்ட், எபாக்ஸி பசை, தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கான் டேப், கட்டுக்கம்பி. ஃப்யூஸ் பெட்டியின் மூடியில் இருக்கும் படத்தைப் போனில் எடுத்துவையுங்கள். பல வண்டிகளில் ஹாரனின் ரிலேயும் எரிபொருள் பம்பின் ரிலேயும் ஒரே வகையாக இருக்கும், பம்ப் ரிலே போனால் ஹாரனுடையதைப் பிடுங்கிப் போட்டு வீடு வந்து சேரலாம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே வேண்டாம். அழுத்தத்தில் அடைபட்ட கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், மூடி திறந்த நொடியில் அத்தனையும் முகத்தில் பீறிடும்.

இவ்வளவையும் ஏற்றியபின், கட்டிவைக்க வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி முட்டி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருக்கும் பொருள் தன் எடையைப் போல சுமார் 20 மடங்கு விசையோடு முன்னால் போகும். 5 கிலோ ஜாக்கி, 100 கிலோ மூட்டை மாதிரி முதுகில் விழும். கனமானவை தாழ்வாக, பின் இருக்கைக்கு ஒட்டி, பட்டை போட்டு இறுக்கி. கூரைமேல் கனம் ஏற்றாதீர்கள், சரிவில் வண்டியைக் கவிழ்ப்பது அதுதான். அப்புறம் ஒன்று, வண்டி கரையில் பின்பக்கம் ஒட்டிச் சிக்கினால் பின்கதவு திறக்காது. மண்வெட்டியும் கயிறும் பின்கதவைத் திறக்காமலே எடுக்க வரவேண்டும். தலையில் மாட்டும் விளக்கும் சீட்பெல்ட் அறுக்கும் கத்தியும் ஓட்டுநர் கை எட்டும் இடத்தில், மற்ற மூட்டைகளோடு இல்லை.

அந்த ஆற்றுப்படுகைப் பயணத்துக்கு அடுத்த வாரம் செய்த பலகை இன்னும் வண்டியில் இருக்கிறது. பாட்டில் ஜாக்கியின் அடிவட்டம் அதில் ஏழெட்டு இடத்தில் அழுந்திப் பதிந்திருக்கிறது, ஒரு மூலை பிரியத் தொடங்கியிருக்கிறது. அடுத்த பயணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. பிளைவுட் வெட்டிவைத்துவிட்டேன். கோந்து காய ஒரு நாள், திருகு போட ஒரு மாலை. கம்ப்ரசரின் சிவப்புக் கவ்வியும் தளர்ந்திருக்கிறது, அதையும் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.